"தண்ணீர் எங்கேயிருந்து வருது?" உங்கள் குழந்தையைக் கேட்டுப் பாருங்கள்!

உங்கள் வீட்டுக் குட்டியைக் கூப்பிட்டு, "தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மூன்று வயசு என்றால் "குழாயிலேருந்து" என்று சொல்லும். ஆறு வயசு என்றால் "கேன் அங்கிள் கொண்டு வர்றாரு" என்று சொல்லும். பத்து வயசுப் பிள்ளை உஷார். "கடல் தண்ணி ஆவியாகி, மேகமாகி, மழையாகி..." என்று புத்தகத்தில் படித்ததை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். "சரி, அந்த மழை நம்ம வீட்டுக் குழாய்க்கு எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். அது அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா அப்பா முகத்தைப் பார்ப்பார். அப்பா பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார்!

பள்ளிக்கூடங்களில் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை என்று சொல்ல முடியாது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் வந்தால் ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் உண்டு. பூமி உருண்டை கண்ணீர் விடுகிற மாதிரி படம் வரைந்த பிள்ளைக்குப் பரிசும் கிடைக்கும். அதே பிள்ளை மறுநாள் காலையில் குழாயைத் திறந்துவிட்டபடி பல் தேய்க்கும். படத்தில் இருக்கிற தண்ணீரும் வாஷ்பேசினில் ஓடுகிற தண்ணீரும் ஒன்றுதான் என்று யாரும் அதற்குத் தொட்டுக் காட்டவில்லையே!

"சரி டாக்டர், சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் படித்த பாடங்களில் தண்ணீரும் ஒன்று. பதார்த்த குண சிந்தாமணியில் மூலிகைக்கும் தானியத்துக்கும் குணம் சொல்வதுபோலவே மழைநீர், ஆற்று நீர், ஏரி நீர், சுனை நீர், கிணற்று நீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குணம் சொல்லியிருக்கிறது. தேரையர் தம்முடைய நோயணுகா விதியில், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார். தண்ணீர் எங்கே பிறந்தது, எதைத் தொட்டுக்கொண்டு வந்தது என்று பார்த்த பிறகுதான் அதைக் குடிக்கலாமா என்று முடிவு செய்வது பழைய முறை. இன்றைக்கு நாம் பில்லைத்தான் பார்க்கிறோம்!

இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலம் தொடங்கினால் என் கிளினிக் பெஞ்சில் உட்காரும் குழந்தைகளில் பலர் தண்ணீரால் வந்தவர்கள்தான். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை... மருந்து கொடுப்பது என் வேலை. அது மறுபடி வராமல் பார்ப்பது உங்கள் கையிலும், கொஞ்சம் அந்தக் குழந்தையின் கையிலும் இருக்கிறது.

தெளிவு வேறு, சுத்தம் வேறு

குழந்தைக்கு முதலில் சொல்லித் தர வேண்டியது இதுதான். பெரியவர்களே இதில் ஏமாந்து போகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரே அபார்ட்மெண்டிலிருந்து மூன்று குழந்தைகள் அடுத்தடுத்துக் கண் மஞ்சளாகி வந்தார்கள். மூன்று அம்மாக்களும் கேட்டது ஒன்றுதான். "கீழாநெல்லி கொடுங்க டாக்டர்!" கீழாநெல்லி எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். அடுத்து, "உங்க சம்ப் எங்கே இருக்கு, செப்டிக் டேங்க் எங்கே இருக்கு?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. செக்ரட்டரியை விட்டுப் பார்க்கச் சொன்னதில், இரண்டுக்கும் நடுவே ஐந்தடி கூட இல்லை. சம்ப் சுவரில் விரிசல் வேறு. "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே சார், எங்க வீட்ல ஆர்.ஓ. கூட இருக்கே!" என்று ஒரு தகப்பனார் வாதாடினார். ஆர்.ஓ. சமையலறையில் இருக்கிறது. பிள்ளை பல் தேய்த்து வாய் கொப்பளிக்கிற குழாய் பாத்ரூமில் அல்லவா இருக்கிறது! இந்த வகைக் காமாலைக் கிருமி உடம்புக்குள் போய், நோயாக வெளியே தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் எந்த நாள், எந்தத் தண்ணீர் என்று யாராலும் ஞாபகப்படுத்திச் சொல்ல முடியாது.

இதைக் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது? மூன்று கண்ணாடி டம்ளரில் காய்ச்சி ஆறிய தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை, ஒன்று வெறும் தண்ணீர். நன்றாகக் கலக்கிவிட்டு, "பார்த்தே சொல்லு, எதில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். முகர்ந்து பார்க்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும், கடைசியில் திருதிருவென்று விழிக்கும். "உப்பையே உன் கண்ணால பார்க்க முடியலை. அதைவிடச் சின்னக் கிருமியை எப்படிப் பார்ப்பே?" இந்த ஒரு கேள்வி போதும். அதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் நாட்டுமருந்துக் கடையில் தேற்றான் கொட்டை வாங்கி வாருங்கள். கலங்கல் தண்ணீரை இரண்டு பாத்திரத்தில் எடுத்து, ஒன்றில் மட்டும் இந்தக் கொட்டையை உட்புறச் சுவரில் உரசிவிட்டு, கலக்கி வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். பாட்டிமார் பானையில் தேய்த்த அதே கொட்டைதான். முருங்கை விதைப் பொடியும் இதே வேலையைச் செய்யும். அந்த விதையில் இருக்கும் ஒருவகைப் புரதம் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி அடியில் தள்ளிவிடுகிறது. பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும். அப்போது சொல்லுங்கள்: "தெளிஞ்சிருக்கு, ஆனா இன்னும் குடிக்கக் கூடாது. இனிமேதான் கொதிக்க வைக்கணும்." நன்றாகத் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்து ஒரு நிமிஷம் தாண்டினால் கிருமி சாகும். நம்முடைய பழைய முறையிலும் தேற்றுவது ஒரு வேலை, காய்ச்சுவது இன்னொரு வேலை. முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு "சித்தர்கள் சொன்னது" என்று குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். செம்புக் குடமும் அப்படித்தான். ராத்திரி முழுக்க வைத்திருந்தால் கிருமிகள் குறையும், உண்மை. சாயப் பட்டறைக் கழிவையும் உப்பையும் செம்பு எடுக்காது. காய்ச்சினாலும் அவை போகாது.

இன்னொன்றும் உண்டு. தண்ணீரில் மலக்கிருமி கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சின்ன பாட்டில் ஒன்று கிடைக்கிறது. ஹெச்.டூ.எஸ். பாட்டில் என்று கேளுங்கள். தண்ணீரை அதில் நிரப்பி மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால், கலப்படம் இருந்தால் தண்ணீர் கறுத்துப்போகும். தன் வீட்டுச் சம்ப் தண்ணீர் மையாகக் கறுப்பதைக் கண்ணால் பார்த்த பையனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. அவன் அப்பாவுக்கும்தான்! கறுக்கவில்லை என்பதற்காகக் காய்ச்சுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் சாக்கடை எப்படிக் கலக்கிறது என்று பத்து வயசுக்கு மேல் உள்ள பிள்ளைக்கு விளக்கலாம். தெருக்குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடினால் உள்ளே அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நாளுக்கு ஒரு மணி நேரம் விட்டு நிறுத்தினால் குழாய் காலியாகிவிடுகிறது. அப்போது பக்கத்தில் தேங்கி நிற்கிற அழுக்கு உள்ளே நுழைகிறது. தெருக்குழாயிலேயே நேராக மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம், சாக்கடையையும் சேர்த்தே இழுத்துவிடும். ஸ்ட்ரா கிழிந்திருந்தால் ஜூஸோடு காற்றும் வருமே, அந்த மாதிரி. "நம்ம வீட்ல அப்படி மோட்டார் இருக்காப்பா?" என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

கூவம் என்றால் சாக்கடையா?

சென்னைப் பிள்ளைகளைக் கேட்டால் "கூவம்னா சாக்கடை" என்றுதான் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போவதற்குப் பதிலாகத் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே கூவம் என்று ஓர் ஊரே இருக்கிறது. திருவிற்கோலம் என்று தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோயில் அந்த ஊரில்தான் இருக்கிறது. ஊரின் பெயர்தான் ஆற்றுக்கும். அந்தப் பக்கம் வயலும் ஏரியுமாக இருக்கும் ஆறு, நேப்பியர் பாலத்துக்கு வரும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வைக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பச்சையப்ப முதலியார், கோமளீஸ்வரன்பேட்டையில் இந்த ஆற்றில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். நம்பவே முடியவில்லை, இல்லையா?

காலையில் அந்த முனை, சாயங்காலம் இந்த முனை. இரண்டையும் ஒரே நாளில் காட்டுங்கள். "நடுவில என்ன ஆச்சு?" என்று பிள்ளையே கேட்கும். "ஏதோ ஃபாக்டரிக்காரன் கெடுத்துட்டான்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். இந்த ஆற்றில் சேருவதில் பெரும்பங்கு வீட்டுக் கழிவுநீர்தான். நாமெல்லாம் சேர்ந்து செய்தது. வீட்டுக்குத் திரும்பியதும், "நம்ம டாய்லெட் தண்ணி எங்கே போகுது? பாதாளச் சாக்கடையிலா, செப்டிக் டேங்கிலா, இல்லே மழைநீர் வடிகாலிலா?" என்று கண்டுபிடிக்கிற வேலையைக் கொடுங்கள். மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகக் குழாயைச் சொருகி வைத்திருக்கும் கட்டடங்கள் எத்தனையோ! அந்த வடிகாலுக்குக் கடைசி ஆறுதானே.

வெளியூர் வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கூவம் உங்கள் ஊரில் வேறு பெயரில் இருக்கும். திருப்பூர்ப் பக்கம் நொய்யல். சாயக் கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்குப் போனது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் பாலாறு. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் பாபநாசத்தில் ஃபாக்டரியே வேண்டாம், பரிகாரம் என்று சொல்லித் தாமிரபரணியில் முங்கி எழுந்து, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பாவத்தைத் தொலைக்கிறார்களாம். அந்தத் துணி மூட்டை மூட்டையாக மீன் வாழும் இடத்தில் போய் அடைந்து கிடக்கிறது. பிள்ளையோடு போகிறவர்கள் இதை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

பயமுறுத்தாதீர்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள்

"நீ பெரியவனாகும்போது தண்ணியே இருக்காது" என்று ஆறு வயசுப் பிள்ளையிடம் சொல்வது எனக்குப் பிடிக்காது. அந்த வயசில் அது பயமாகத்தான் தங்கும். பயந்த பிள்ளை தூக்கத்தில் உளறும், குழாயை மூடாது. வேலை கொடுத்தால் மூடும்.

சொட்டுகிற குழாயின் அடியில் 200 மில்லி டம்ளரை வைத்து, நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 48 டம்ளர், கிட்டத்தட்ட 10 லிட்டர். வருஷத்துக்கு 3,500 லிட்டர். ப்ளம்பரைக் கூப்பிட இத்தனை நாள் சாக்குச் சொன்ன அப்பா மாட்டிக்கொண்டார்! அடுத்து, ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிந்து போகிற மெஷின்கள் சாதாரணம். அதைக் குடிக்கத்தான் கூடாதே தவிர, தரை துடைக்கலாம், டாய்லெட்டில் ஊற்றலாம். ஷவரையும் பக்கெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கை நான் சொல்லவில்லை, அவர்களே செய்யட்டும்.

மொட்டை மாடிக் கணக்குதான் எனக்குப் பிடித்தது. 1,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. பெருக்கிப் பாருங்கள், 1,30,200 லிட்டர்! சிந்தியது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கிறது. 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரிக்கும் அதிகம். நம் தலைக்கு மேலேயே வந்து இறங்குகிறது, பணம் கேட்காமல்.

இதோடு ஒரு கதையும் சொல்லுங்கள். கதை இல்லை, நடந்தது. 2015 டிசம்பரில் சென்னையில் முதல் மாடிக்குப் படகு வந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளையும் சேர்த்தால்கூடக் கொள்ளளவில் ஒரு சதவீதம் தண்ணீர் இல்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். "ஒரு வேகனில் எத்தனை லிட்டர்?" என்று கேளுங்கள். வகுத்துச் சொல்லிவிடும். "அது நம்ம மாதிரி எத்தனை மாடி பிடிக்கிற தண்ணி?" என்று கேளுங்கள். நமது மாடி ஒரு வருஷத்தில் பிடிப்பதில் பாதிதான் ஒரு வேகன்! பெய்யாமல் இல்லை, பெய்ததைப் பிடித்து வைக்கவில்லை என்பதைப் பிள்ளை தானே சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். குழாய் இருக்கிறது, தொட்டி இருக்கிறது. உள்ளே திறந்து பார்த்தால் சருகும் கிரிக்கெட் பந்தும் இருக்கின்றன. ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை இருக்கிறதா, வடிகட்டித் தொட்டியின் ஜல்லியும் மணலும் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்கிற பொறுப்பைப் பிள்ளைக்குக் கொடுங்கள், கூட ஒரு பெரியவர் நின்றுகொண்டு. முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும், மாடி அழுக்கெல்லாம் அதில்தான் வரும். செப்டிக் டேங்க் பக்கத்தில் மழைநீரை இறக்கக் கூடாது.

தொண்டையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் வைத்தியனாக நான் பாதி வேலைதான் செய்தவன் ஆவேன். "தண்ணியை மிச்சம் பிடி, மிச்சம் பிடி" என்று கேட்டு வளரும் பிள்ளைகள் சிலர் குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடிக்கிறார்கள். பக்கெட்டில் மிச்சம் பிடிப்பது வேறு, தொண்டையில் மிச்சம் பிடிப்பது வேறு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும், வெயில் நாளில் இன்னும் கூடுதலாக. அளவு பார்க்கத் தெரியவில்லை என்றால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நல்லது. கடுகெண்ணெய் மாதிரி அடர்ந்திருந்தால் போதவில்லை என்று அர்த்தம். தேநீர் நிறமாக இருந்து, கண்ணும் மஞ்சளாக இருந்தால் அது வேறு கதை, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் "தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று நிறுத்துகிற பழக்கம் இன்னமும் சில வீடுகளில் இருக்கிறது. உயிருக்கே ஆபத்து! ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூன் அளவில் சர்க்கரை ஆறு, உப்பு அரை போட்டுக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். குழந்தை துவண்டாலோ, கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகவில்லை என்றாலோ கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என்னிடம் வரும் பெண் பிள்ளைகளில் சிலருக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. கூடவே மலச்சிக்கல். தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் காலையில் அம்மா நிரப்பியது அப்படியே சாயங்காலம் வீடு திரும்புகிறது. அம்மா திட்டுவார்: "எத்தனை தடவை சொன்னாலும் குடிக்க மாட்டேங்குது டாக்டர்!" அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நர்ஸ் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கேட்டால் விஷயம் வெளியே வரும். "ஸ்கூல் பாத்ரூம் நாத்தம் தாங்கலை. தண்ணியே வராது. குடிச்சா போகணும்ல, அதான் குடிக்கிறதில்லை." ஏழு வயசுக் குழந்தை இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கிறது! சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் சிறுநீரும் ஒன்று என்று சொல்லியிருக்கிறது. அதை அடக்கச் சொல்லிக் கொடுப்பது யார்? பீஸ் வாங்கிக்கொண்டு கழிவறையில் தண்ணீர் விடாத பள்ளிக்கூடம்தான்.

அடுத்த முறை ரேங்க் கார்டு வாங்கப் பள்ளிக்கூடம் போகிறீர்களே, அன்றைக்கு டீச்சரைப் பார்ப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். அம்மாக்கள் பெண் பிள்ளைகள் கழிவறைப் பக்கமும், அப்பாக்கள் பையன்கள் பக்கமும் போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, கை கழுவ சோப்பு இருக்கிறதா, குடிதண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். ஒருத்தராகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போங்கள்.